எண்ணிக்கை பூட்டுக்குள்ள, பெயர் வெளியில: கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு புகார் வரலாறு

இந்த எபிசோடுல தற்கொலை, கொலை, பாலியல் வன்முறை பத்தி பேச வேண்டியிருக்கு. கேட்கக் கஷ்டமா இருந்தா இதை விட்டுட்டு அடுத்த எபிசோடுக்குப் போயிடுங்க. கடைசியில உதவி எண்கள் சொல்றேன்.

ஒரு காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடி நாம என்னெல்லாம் பார்ப்போம்? பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம், என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை எவ்வளவு, கட் ஆஃப் எவ்வளவு, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி. இதுக்கெல்லாம் ஒரு பதில் கிடைச்சிடும். ஆனா "போன வருஷம் இந்த வளாகத்துல எத்தனை புகார் வந்துச்சு? எத்தனை போலீசுக்குப் போச்சு?"ன்னு அட்மிஷன் கவுண்டர்ல கேட்டுப் பாருங்க. உங்களைத்தான் ஏற இறங்கப் பார்ப்பாங்க.

அந்தப் பதில் ஏன் நம்மகிட்ட இல்லைங்கறதுதான் இன்னைக்குக் கதை. கள்ளக்குறிச்சியில ஆரம்பிச்சு, சிதம்பரம், பென்சில்வேனியா, கிண்டி வரைக்கும் போகப்போறோம்.

மலையும் ஆட்சியர் அலுவலகமும்

முதல்ல ஊரைப் பார்த்துடலாம். கள்ளக்குறிச்சிக்கு மேற்குல கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மேல ஏறினா வெள்ளிமலை. மலையாளி பழங்குடி மக்கள் வாழற பகுதி. பேரு மலையாளின்னாலும் பேசறது தமிழ்தான்.

இந்த மலைக்கு ஒரு தனி வரலாறு இருக்கு. நாடு 1947-ல சுதந்திரம் வாங்கினாலும், கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் பிடியில இருந்துச்சு. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர்னு மூணு ஜாகீர். வரி அவங்களுக்கு, கூலியில்லாத உழைப்பும் அவங்களுக்கு. 1976-லதான் அந்த முறை ஒழிஞ்சு மலை முழுசா அரசு நிர்வாகத்துக்குள்ள வந்துச்சு. இங்க ஒரு கேள்வியை மட்டும் மனசுல வச்சுக்கோங்க: ஜாகீர்தார் மேல ஒரு குறைன்னா, அந்த மலையில ஒருத்தர் யார்கிட்ட போய் சொல்லியிருப்பார்?

அடுத்தது தூரம். 2019 நவம்பர் 26 அன்னைக்குத்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமா செயல்படத் தொடங்குச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் மாவட்டத் தலைநகரம் விழுப்புரம். கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியா சுமார் 75 கிலோமீட்டர். வெள்ளிமலையில இருக்கற ஒரு குடும்பம் ஆட்சியரைப் பார்க்கணும்னா, முதல்ல மலை இறங்கணும், அப்புறம் கள்ளக்குறிச்சியில பஸ் மாறி விழுப்புரம் போகணும். ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலி போயிடும்.

இந்தப் பின்னணியில நடந்ததுதான் 2016 சம்பவம்.

2016, பங்காரம்

கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் இடையில பங்காரம்னு ஒரு கிராமம். அங்க எஸ்.வி.எஸ். இயற்கை மருத்துவம் மற்றும் யோகா கல்லூரி இயங்கிட்டு இருந்துச்சு. 2016 ஜனவரி 23. கல்லூரிக்குப் பக்கத்துல இருந்த கிணத்துல மூணு மாணவிகளோட உடல்கள் எடுக்கப்பட்டுச்சு. மூணு பேரும் இரண்டாம் ஆண்டு. அவங்க எழுதினதா சொல்லப்பட்ட கடிதத்துல கல்லூரி நிர்வாகம் அளவுக்கு மீறிக் கட்டணம் வாங்குதுன்னும், படிக்க வசதியே இல்லைன்னும் குற்றச்சாட்டு இருந்துச்சு. கல்லூரிக்கு சீல் வச்சாங்க. நிர்வாகத்தைச் சேர்ந்தவங்க கைதானாங்க. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறுச்சு.

செய்தியில நாம இதைத்தான் பார்த்தோம். ஆனா கதை ஜனவரியில ஆரம்பிக்கலை. மூணு மாசம் முன்னாடி, 2015 அக்டோபர்ல, அதே கல்லூரி மாணவர்கள் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னாடியே தற்கொலைக்கு முயற்சி பண்ணியிருந்தாங்க. மாவட்ட நிர்வாகத்தோட வாசல்லயே நடந்த விஷயம்.

அப்போ "யாருக்கும் தெரியாது"ன்னு சொல்ல முடியாது. புகார் இருந்துச்சு. அதைச் சொன்னவங்க 75 கிலோமீட்டர் பயணம் பண்ணி வந்து சொல்லியிருந்தாங்க. ஆனா அந்தப் புகாருக்கு ஒரு எண், ஒரு கெடு, பதில் சொல்லியே ஆகணும்னு ஒரு ஆள், இந்த மூணும் இருந்திருந்தா ஜனவரி வரைக்கும் போயிருக்குமா? அதே காலகட்டத்துல ஒருத்தர் அந்தக் கல்லூரியில சேர வந்திருந்தா, அக்டோபர்ல நடந்தது அவருக்குத் தெரியறதுக்கு அதிகாரபூர்வமா எந்த வழியும் கிடையாது. பழைய பேப்பரைத் தேடி எடுத்தாத்தான் உண்டு.

இந்த நிலைமை புதுசு இல்லை. இதுக்கு 20 வருஷம் முன்னாடியே தமிழ்நாடு இதே பாடத்தை ஒரு கொலை மூலமா படிச்சிருந்துச்சு.

1996, சிதம்பரம்

நாவரசு வழக்கை உங்க அப்பா அம்மாகிட்ட கேளுங்க, ஞாபகம் இருக்கும். 1996 நவம்பர் 6. சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில முதலாம் ஆண்டு படிச்ச மாணவர் நாவரசு, விடுதியில ஒரு சீனியர் மாணவரால கொலை செய்யப்பட்டார். நாவரசுவோட அப்பா பொன்னுசாமி, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்தவர். ஒரு துணைவேந்தரோட பையனே ஹாஸ்டல்ல பாதுகாப்பா இல்லைன்னா மத்தவங்க கதி என்னங்கற பயம் தமிழ்நாடு முழுக்கப் பரவுச்சு.

வழக்கு எவ்வளவு காலம் போச்சுன்னு பாருங்க. 1998-ல கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. 2001-ல சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை பண்ணுச்சு. 2011-ல உச்ச நீதிமன்றம் தண்டனையைத் திரும்ப உறுதி பண்ணுச்சு. மொத்தம் 15 வருஷம்.

ஆனா சட்டம் சீக்கிரமே வந்துடுச்சு. முதல்ல அவசரச் சட்டம், அப்புறம் 1997-ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். ராகிங் பண்ணா 2 வருஷம் வரைக்கும் சிறை, 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம்ங்கறது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாத ஒரு பிரிவும் அதுல இருக்கு. புகார் வந்தா கல்வி நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்கணும். விசாரிக்காம விட்டார்னா, அந்தக் குற்றத்துக்கு அவரே உடந்தையா இருந்ததா சட்டம் எடுத்துக்கும். எனக்கு இந்தப் பிரிவு ரொம்பப் பிடிக்கும். ஏன்னா, புகாரை அமுக்கறதும் குற்றம்தான்னு சட்டமே ஒத்துக்கிட்ட இடம் இது.

இதுல ஒரு ஓட்டையும் இருக்கு. புகார் போற முதல் முகவரி கல்லூரி முதல்வர். "எனக்குப் புகாரே வரலையே"ன்னு அவர் சொல்லிட்டா? வந்துச்சுன்னு நிரூபிக்க வேண்டியது அந்த 18 வயசுப் பையனோ பொண்ணோதான். ஜாகீர்தார் கேள்வியை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா, அதுதான் இங்க திரும்ப வருது. யார் மேல குறையோ, அவங்க கையிலயே மனுவைக் கொடுக்க வேண்டியிருக்கு.

அடுத்த மாற்றம் 2009-ல வந்துச்சு. முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில உச்ச நீதிமன்றம் அமைச்ச குழுவோட பரிந்துரைகளுக்கு அப்புறம், யு.ஜி.சி. ராகிங் தடுப்பு விதிமுறைகளைக் கொண்டு வந்துச்சு. வருஷா வருஷம் நீங்களும் பெற்றோரும் கையெழுத்துப் போடற அந்த அஃபிடவிட் இதுலயிருந்து வந்ததுதான். குற்றம்னு தெரிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள நிறுவனமே எஃப்.ஐ.ஆர். பதிய நடவடிக்கை எடுக்கணும்னும் அதுல இருக்கு. கெடு வந்துடுச்சு. ஆனா ஒவ்வொரு கல்லூரி வாரியா மக்கள் பார்க்கிற மாதிரி ஒரு பதிவேடு மட்டும் வரலை.

பூட்டாத கதவுகள்

அப்படி ஒரு பதிவேடு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வரலாம்.

1986 ஏப்ரல் 5. பென்சில்வேனியா மாநிலத்துல லீஹை பல்கலைக்கழகம். ஜீன் கிளெரிங்கற 19 வயசு முதலாம் ஆண்டு மாணவி, ஹாஸ்டல்ல தன்னோட அறையிலேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாங்க. செஞ்சவன் அதே பல்கலைக்கழக மாணவன். தானா பூட்டிக்கிற கதவுகள் அந்தக் கட்டடத்துல இருந்துச்சு. ஆனா யாரோ வந்துபோற வசதிக்காக மூடாம முட்டுக் கொடுத்து வச்சிருந்தாங்க. அந்தக் கதவுகள் வழியாத்தான் அவன் உள்ள வந்தான்.

அப்புறம்தான் பெற்றோருக்கு இன்னொரு விஷயம் தெரிய வந்துச்சு. அதுக்கு முந்தைய 3 வருஷத்துல அந்த வளாகத்துல 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்துச்சு. இது எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா எங்க பொண்ணை அங்க சேர்த்திருக்கவே மாட்டோம்னு அவங்க போராட ஆரம்பிச்சாங்க. 1990-ல சட்டம் வந்துச்சு. இன்னைக்கு அதுக்குப் பேரு கிளெரி சட்டம்.

அது கேக்கறது ரொம்ப எளிமையான விஷயங்கள். வளாகக் காவல் பிரிவு ஒரு தினசரிக் குற்றப் பதிவேடு வச்சிருக்கணும். தகவல் வந்த 2 வேலை நாளுக்குள்ள அதுல ஏறணும். யார் வேணா வந்து பார்க்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை, அக்டோபர் 1-க்குள்ள, 3 வருஷப் புள்ளிவிவரத்தை வெளியிடணும். ஆபத்து தொடர்ந்தா மாணவர்களுக்கு உடனே எச்சரிக்கை அனுப்பணும். பாதிக்கப்பட்டவர் யாருங்கறது மட்டும் வெளியே போகக் கூடாது.

அங்க எல்லாம் சரியா நடக்குதுன்னு நான் சொல்ல வரலை. பல்கலைக்கழகங்கள் எண்ணிக்கையைக் குறைச்சுக் காட்டி மாட்டியிருக்காங்க. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 2019-ல 45 லட்சம் டாலர் அபராதம். லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 2024-ல 1.4 கோடி டாலர். ஆனா எழுதறது கட்டாயம்னு ஒரு சட்டம் இருந்ததாலதான், எழுதாம விட்டது ஒரு குற்றமா மாறி அபராதம் வரைக்கும் போச்சு. அந்தக் கட்டாயம் இல்லாத ஊர்ல மறைக்கறவங்களைப் பிடிக்கவே முடியாது.

2022, கனியாமூர்

இப்போ திரும்பக் கள்ளக்குறிச்சி. பதிவும் தகவலும் இல்லாத இடத்துல என்ன நடக்கும்ங்கறதை நாம நேர்லயே பார்த்தோம்.

2022 ஜூலை 13 அன்னைக்கு, சின்னசேலம் பக்கத்துல கனியாமூர்ல ஒரு தனியார் பள்ளி விடுதியில தங்கிப் படிச்ச பிளஸ் டூ மாணவி இறந்து கிடந்தாங்க. இது பல்கலைக்கழகம் இல்லை, பள்ளி. ஆனா கேள்வி அதேதான். அந்த மரணம் எப்படி நடந்துச்சுங்கறதுக்குள்ள நான் போகலை, அது நீதிமன்றத்தோட வேலை. நான் பார்க்கறது அடுத்த 4 நாட்களை.

பெற்றோர் கேள்வி கேட்டாங்க. அவங்களுக்குத் திருப்தியான பதில் வரலை. அந்த இடைவெளியில வாட்ஸ்அப்பும் யூடியூபும் புகுந்துச்சு. ஆளாளுக்கு ஒரு கதை. ஜூலை 17 அன்னைக்குக் கூட்டம் திரண்டு, பள்ளிக்குள்ள நுழைஞ்சு, பஸ்களைக் கொளுத்துச்சு, வகுப்பறைகளை உடைச்சுது. அங்க படிச்ச மத்த பிள்ளைங்களோட சான்றிதழ்களும் எரிஞ்சுது. முன்னூறுக்கும் மேற்பட்டவங்க கைதானாங்க. அந்த விடுதிக்கு உரிய பதிவே இல்லைங்கற விஷயம் இத்தனைக்கும் அப்புறம்தான் வெளியே வந்துச்சு. விடுதிகளைப் பதிவு பண்ணணும்னு தமிழ்நாட்டுல 2014-லயே சட்டம் இருக்கு.

ஜூலை 18 அன்னைக்கு சென்னை உயர் நீதிமன்றம் மறு உடற்கூறாய்வுக்கு உத்தரவு போட்டுச்சு. அதோட, இனிமே கல்வி நிலையங்கள்ல இப்படிச் சந்தேக மரணம் நடந்தா சி.பி.சி.ஐ.டி. விசாரிக்கணும், மூணு மருத்துவர்கள் கொண்ட குழு உடற்கூறாய்வு பண்ணணும், அதை வீடியோ எடுக்கணும்னும் சொல்லுச்சு. தேவையான உத்தரவுதான். ஆனா கவனிச்சீங்களா, நம்ம ஏற்பாடு எல்லாமே மரணத்துக்கு அப்புறம் தொடங்குது. உயிரோட இருக்கற மாணவர் கொடுக்கற புகாருக்கு இவ்வளவு கண்டிப்பு எங்கயும் இல்லை.

2024, கிண்டி

புகார் கொடுத்தவர் உயிரோட இருந்து, தைரியமா போலீஸ் வரைக்கும் போன ஒரு வழக்கை இப்போ பார்ப்போம். 2024 டிசம்பர் 23, சென்னை கிண்டியில அண்ணா பல்கலைக்கழக வளாகம். ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானாங்க. செஞ்சவன் வெளி ஆள், அந்தப் பகுதியில பிரியாணி கடை நடத்தினவன். மாணவி புகார் கொடுத்தாங்க, ஆள் கைதானான்.

அடுத்து நடந்தது கம்ப்யூட்டர் வேலை பார்க்கற என்னை மாதிரி ஆளுங்க தூக்கம் கெட்டுப் போக வேண்டிய விஷயம். அந்த மாணவியோட அடையாளம் தெரியற எஃப்.ஐ.ஆர். காவல்துறை இணையதளத்துல திறந்து கிடந்துச்சு. டவுன்லோட் ஆகி எல்லா இடத்துக்கும் பரவுச்சு.

எப்படி? 2016-ல உச்ச நீதிமன்றம் எஃப்.ஐ.ஆர்.களைப் பதிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள இணையத்துல ஏத்தணும்னு சொல்லுச்சு. நல்ல உத்தரவு, வெளிப்படைத்தன்மைக்காக. பாலியல் குற்றங்கள் மாதிரியானதுக்கு அதுல விலக்கும் கொடுத்திருந்துச்சு. அந்த மாதிரி வழக்குன்னா சிஸ்டம் தானாவே பூட்டிடணும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துச்சு. பிரிவு எண்கள் எல்லாம் மாறுச்சு. பழசுல பாலியல் வன்புணர்வுக்கான தண்டனை 376, புதுசுல 64. இந்த மாற்றத்தால வந்த தொழில்நுட்பக் கோளாறுலதான் பூட்டு விழலைன்னு விளக்கம் சொன்னாங்க.

டிசம்பர் 28 அன்னைக்கு சென்னை உயர் நீதிமன்றம் மூணு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைச்சுது. எஃப்.ஐ.ஆர். கசிவுக்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லுச்சு. அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட மொழியே மாணவியைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்குன்னும் கண்டிச்சுது. 2025 ஜூன் 2 அன்னைக்கு மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கொடுத்துச்சு, குறைஞ்சது 30 வருஷம் வெளிய வர முடியாதபடி. நாவரசு வழக்கு முடிய 15 வருஷம் ஆச்சு. இங்க விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு ஆறு மாசத்துக்குள்ள வந்துடுச்சு. மனசு வச்சா முடியும்ங்கறதுக்கு இது சாட்சி.

இந்த நாலு ஊரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு வளாகத்துல எத்தனை புகார் வந்துச்சுங்கற எண்ணிக்கை எல்லாருக்கும் தெரியணும். புகார் கொடுத்தது யாருங்கறது பூட்டியிருக்கணும். நம்ம ஊர்ல தலைகீழா நடக்குது. எண்ணிக்கையைக் கேட்டா பதில் இல்லை. பெயர் மட்டும் எப்படியோ ஊர் முழுக்கத் தெரிஞ்சுடுது. அடுத்த பொண்ணு புகார் கொடுக்கறதுக்கு முன்னாடி ஆயிரம் தடவை யோசிக்கறதுக்கு இது போதாதா?

"எங்க காலேஜ்ல ஜீரோ"

எண்ணிக்கையை வெளியிட்டா காலேஜ் பேரு கெட்டுடுமேன்னு ஒரு வாதம் வரும். எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. ஒரு சர்வர்ல எரரே வரலைன்னு டேஷ்போர்டு காட்டுச்சுன்னா யாரும் சந்தோஷப்பட மாட்டோம். முதல்ல லாக் ஆன்ல இருக்கான்னு பார்ப்போம். ஐயாயிரம் பேர் தங்கிப் படிக்கற வளாகத்துல வருஷம் முழுக்கப் புகாரே இல்லைன்னா, அங்கயும் அதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். புகார் வர்ற காலேஜ்ல, சொன்னா கேப்பாங்கன்னு மாணவர்கள் நம்பறாங்கன்னும் அர்த்தம் இருக்கலாம்.

இதுக்குப் பாதி வழி ஏற்கெனவே இருக்கு. 2013 சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கணும். அது வருஷா வருஷம் எத்தனை புகார் வந்துச்சு, எத்தனை முடிஞ்சுதுன்னு அறிக்கை கொடுக்கணும். மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார்னா, குழுவுல மாணவர் பிரதிநிதிகளும் இருக்கணும்னு யு.ஜி.சி. விதி சொல்லுது. புகார் கொடுக்க 3 மாசம், விசாரிச்சு முடிக்க 90 நாள். ஆக, எண்ணிக்கை ஏதோ ஒரு ஃபைல்ல இருக்கணும். அரசுக் கல்லூரின்னா தகவல் உரிமைச் சட்டத்துல அந்த எண்ணிக்கையைக் கேட்கலாம். பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும்.

நீங்க புகார் கொடுக்கற நிலைமை வந்தா, வாய்வார்த்தையா சொல்லிட்டு வராதீங்க. எழுத்துல கொடுங்க, இல்லைன்னா ஈமெயில்ல. நகல் உங்ககிட்ட இருக்கணும். 1997 சட்டத்துல முதல்வரைப் பொறுப்பாக்கற அந்தப் பிரிவு உங்களுக்கு உதவணும்னா, தேதி போட்ட ஒரு காகிதம் வேணும். காலேஜ் விசாரணை முடியட்டும்னு போலீஸ் புகாரைத் தள்ளிப்போட எந்தச் சட்டமும் சொல்லலை. எந்த ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுது இல்லைன்னு திருப்பி அனுப்ப முடியாது. பாலியல் வன்புணர்வு மாதிரியான கடுமையான குற்றங்கள்ல புகாரைப் பதிய மறுக்கற அதிகாரிக்கு 6 மாசத்துலயிருந்து 2 வருஷம் வரைக்கும் சிறை. பாதிக்கப்பட்டவருக்கு 18 வயசு முடியலைன்னா போக்சோ சட்டம் வரும். தெரிஞ்சும் போலீசுக்குச் சொல்லாத நிறுவனத் தலைவர் மேலயே வழக்குப் போடலாம். பர்ஸ்ட் இயர்ல எத்தனை பேருக்கு 17 வயசுன்னு யோசிச்சுப் பாருங்க.

வெள்ளிமலைப் பக்கத்துலயிருந்து இறங்கி வந்து, தங்க வீட்டுலயே முதல் ஆளா காலேஜ் படிக்கற ஒருத்தருக்கு இதெல்லாம் யார் சொல்லுவாங்க? ஆட்சியர் அலுவலகம் இப்போ கள்ளக்குறிச்சிக்கே வந்துடுச்சு, 75 கிலோமீட்டர் குறைஞ்சிருக்கு. மீதி தூரத்தைக் குறைக்கறது காலேஜ் நோட்டீஸ் போர்டுல ஒட்டற ஒரு தாள்தான்: போன வருஷம் இத்தனை புகார் வந்துச்சு, இத்தனை முடிஞ்சுது, இத்தனை போலீசுக்குப் போச்சு. உங்க காலேஜ்ல அந்தத் தாள் இருக்கான்னு நாளைக்குப் போய்ப் பாருங்க. இல்லைன்னா கேளுங்க, நாலு பேரா சேர்ந்து கேளுங்க.

உதவி எண்கள்: ராகிங் தடுப்பு 1800-180-5522. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. மனசு சரியில்லைன்னா, யார்கிட்டயாவது பேசணும்னு தோணுச்சுன்னா, டெலி மானஸ் 14416, இல்லைன்னா 104. தமிழ்லயே பேசலாம்.